மூன்றாம் நாள் இரவுக்கு முன்பே கேளுங்கள்

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு வார்டுகளில் பணியாற்றும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

நான் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவராக இருக்கிறேன். உங்கள் வார்டுகளிலிருந்து 'சைக்யாட்ரி ஒபினியன்' கேட்டு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவை குடி சம்பந்தப்பட்டவை. சீட்டு என் கைக்கு வரும்போது நோயாளி ஒன்று கட்டிலில் கட்டப்பட்டிருக்கிறார், இல்லையென்றால் டிஸ்சார்ஜ் ஆகி மருந்துப் பையோடு வராந்தாவில் நிற்கிறார். இரண்டுமே தாமதம். அவரை முதலில் பார்த்தவர்கள் நீங்கள். கேஸ் ஷீட்டில் 'ஆல்கஹாலிக், ஸ்மோக்கர்' என்று எழுதியவர்களும் நீங்கள்தான். அந்த வரியை எழுதிய கையோடு செய்யவேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன. எங்களுக்காகக் காத்திருக்காமல் அவற்றை நீங்களே செய்ய வேண்டும். உங்களால் செய்யவும் முடியும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

'குடிப்பீங்களா?' என்று கேட்டால் 'எப்பவாச்சும் சார்' என்றுதான் பதில் வரும். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறார், தலைமாட்டில் மாமனார் நிற்கிறார். வேறென்ன சொல்வார்? விபத்தில் அடிபட்டு வந்தவர் என்றால், குடித்ததாக எழுதிவிட்டால் இழப்பீடு கிடைக்காமல் போய்விடுமோ என்று கவலைப்படுகிறார். காப்பீட்டு அட்டை செல்லாதோ, டாக்டர் எல்லார் முன்னாலும் திட்டுவாரோ என்றெல்லாம் யோசிக்கிறார். முதலில் அந்தப் பயத்தைப் போக்குங்கள். உடன் வந்தவர்களை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, 'உங்களுக்குக் குடுக்கற மயக்க மருந்து, வலி மருந்து எல்லாத்துக்கும் இது எனக்குத் தெரிஞ்சாகணும், திட்டறதுக்குக் கேக்கல' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு மனைவியிடமோ அம்மாவிடமோ தனியாக ஒருமுறை கேளுங்கள்.

அளவைக் கேட்கும்போது 'தினமும் கொஞ்சம்' என்பதோடு விட்டுவிடாதீர்கள். கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா என்று அவர் பேச்சிலேயே கேளுங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் 10 கிராமை ஓர் அளவு என்று கொள்கிறது. அப்படியானால் 'ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்' என்பவர் தினமும் ஆறு அளவு குடிக்கிறார். கட்டிங் என்றாலே மூன்று. 'பீர் மட்டும்தான்' என்பவரிடமும் எந்த பீர் என்று கேளுங்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராமுக்கு மேல் இருக்கிறது. 'அக்கேஷனல்' என்று எழுதுவதற்குப் பதில் இந்த எண்ணை எழுதிவிட்டால், அடுத்த ஷிப்டில் வருபவருக்கு என்ன நடக்கக்கூடும் என்பது புரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஜான் யூவிங் என்ற மனநல மருத்துவர் 1984-இல் வெளியிட்ட 'கேஜ்' கேள்விகள் நான்கும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். மூன்றை மறந்தாலும் நான்காவதை மறக்காதீர்கள். அதை நம் வார்டுக்கு ஏற்றபடி இப்படிக் கேட்கலாம்: 'காலையில கொஞ்சம் போட்டாத்தான் கை நிக்குதா?' கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அதனால் காலையில் கை நடுங்குகிறவர் முந்தின இரவே ஒரு பங்கை எடுத்து ஒளித்து வைத்திருப்பார். 'காலைக்குன்னு மிச்சம் வெப்பீங்களா?' என்று நீங்கள் கேட்டதுமே, இவருக்கு விஷயம் தெரியும் என்று உங்களிடம் மனம் திறப்பார். கடைசியாக, 'எப்ப குடிச்சீங்க?' என்று கேட்டு நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மடலில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அந்த மணியிலிருந்துதான் மற்ற எல்லாம் ஆரம்பிக்கிறது.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வாந்தியும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம் வருகிறது. கால் முறிந்தோ, கணைய அழற்சியோடோ, நெஞ்சுவலியோடோ உங்களிடம் சேர்கிற ஒவ்வொரு குடிநோயாளிக்கும் சேர்ந்த நிமிடத்திலிருந்தே குடி நின்றுவிடுகிறது. கடிகாரம் ஓடத் தொடங்கியதை யாரும் கவனிப்பதில்லை.

ஒரு கொத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். திங்கள் மாலை சாரத்திலிருந்து விழுந்து, கீழ்க்கால் எலும்பு முறிந்து சேர்ந்தார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று குறித்திருந்தார்கள். செவ்வாய் காலை டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. மனைவிதான் வாயில் வைத்துக் குடிக்கவைத்தார். ஆபரேஷன் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று இரவு தூக்கமில்லை. புதன் இரவு நான் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கை ஒரு கொத்துக் கரண்டியைப் பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தது. இல்லாத கலவையை அள்ளிப் பரப்பினார், இடது கையால் இல்லாத செங்கல்லை எடுத்து வைத்தார், கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார், குனிந்து மட்டம் பார்த்தார். 'கலவை கொண்டா, கலவை கொண்டா' என்று சித்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டிரிப்ஸ் ஊசி பிடுங்கப்பட்டுத் தரையில் ரத்தம் சொட்டியிருந்தது. நாடித்துடிப்பு 130. உடம்பு சூடாக, சட்டை முழுக்க வியர்வை. கட்டுத்துணியால் ஒரு காலைக் கட்டிலோடு கட்டி, ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கேஸ் ஷீட்டில் 'அக்கேஷனல் ஆல்கஹாலிக்' என்று இருந்தது. மனைவியிடம் கேட்டேன். 'தினம் ரெண்டு குவார்ட்டர் டாக்டர். காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம்' என்றார். அதுவரை அந்த அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

டயசிபாம் நரம்பு வழியாகக் கொடுத்து, அவர் அமைதியாகும்வரை மூச்சைக் கவனித்தபடி மீண்டும் மீண்டும் கொடுத்தோம். தயமின் கொடுத்தோம். வெளிச்சமும் சத்தமும் குறைந்த மூலைக்குக் கட்டிலை மாற்றினோம். இரண்டு நாளில் தெளிந்தார். தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'நான் யாரையாச்சும் அடிச்சிட்டேனா டாக்டர்?' அறுவை சிகிச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. திங்கள் இரவே கேட்டிருந்தால், செவ்வாய் காலை அந்த டம்ளர் ஆடியபோதே மாத்திரை தொடங்கியிருந்தால், புதன் இரவு அநேகமாக வந்திருக்காது.

இதற்கான மருந்துகள் உங்கள் வார்டு அலமாரியிலேயே இருக்கின்றன. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு. கல்லீரல் கெட்டவருக்கும் வயதானவருக்கும் லோரசிபாம். ஹாலோபெரிடாலை மட்டும் கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள். அது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுமே தவிர நோயின் மூலத்தைத் தொடாது. குடி நின்றதால் வரும் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் ஏற்றுவது நம் வார்டுகளில் பழகிப்போன காரியம். இந்த வலிப்பை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. குடி நின்றதால் வரும் அறிகுறிகளின் கடுமையை அளக்க 'சிவா' என்ற பத்துக் கூறு அளவுகோல் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 67. நோயாளி பேசும் நிலையில் இருக்கும்வரை ஸ்டாஃப் நர்ஸே சில நிமிடங்களில் பார்த்து எழுதிவிடலாம். ரத்த அழுத்தம் எழுதும் அட்டையிலேயே அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் நல்லது. உரிய சிகிச்சை கிடைத்த டெலிரியத்தில் இறப்பு 100-க்கு 5-க்கும் கீழ்தான்.

தயமினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு மலிவான ஒரு மருந்து கிடைக்காமல் ஒருவர் வாழ்நாள் முழுக்க நினைவை இழப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கார்ல் வெர்னிக்கி 1881-இல் விவரித்த நோய் இன்றும் நம் வார்டுகளில் பார்க்காமல் விடப்படுகிறது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு மூன்றும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று காத்திருக்கிறோம். மூன்றும் சேர்ந்து வருவது ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. குடிக்கிறவர், சரியாகச் சாப்பிடாதவர், குழம்பியிருக்கிறார் என்றால் சந்தேகமே போதும், சிகிச்சையைத் தொடங்குங்கள். மாத்திரை அவர் குடலில் சரியாக ஏறாது. மஞ்சளாக ஓடும் மல்டிவைட்டமின் டிரிப்ஸை மட்டும் நம்பவும் கூடாது. உயர்ந்த அளவில் நரம்பு வழியாகவே தயமின் போக வேண்டும், குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ. சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவருக்கு மட்டும் தயமின் வரட்டும் என்று குளுக்கோஸை நிறுத்திவைக்காதீர்கள். இதைத் தவறவிட்டால் வருவது கோர்சகாஃப். என் ஓபிக்கு ஒருவரை அவர் மகள் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த மகளின் கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர்தான். 'இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்' என்று ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்கிறார்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் ஒன்று உண்டு. சாராய வாடை வந்துவிட்டால் மற்ற எல்லாமே கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. 'போதை, தூங்கட்டும்' என்று ஓரத்தில் படுக்கவைத்தவருக்கு மண்டைக்குள் ரத்தக் கசிவு இருக்கலாம், சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், கல்லீரல் செயலிழந்து மூளை மங்கியிருக்கலாம். கடைசியாகச் சொன்னவருக்கு டயசிபாம் கொடுத்தால் நிலைமை மோசமாகும். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வந்தால் மெத்தனாலை நினையுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அதுதான். அந்த விஷத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இப்போது டிஸ்சார்ஜ் நாளுக்கு வருகிறேன். சம்மரியில் கடைசி வரி 'மது அருந்துவதை உடனே நிறுத்த அறிவுறுத்தப்பட்டது'. காலையில் கை நடுங்குகிற, தினமும் குடிக்கிற ஒரு ஓபி நோயாளிக்கு இந்த அறிவுரை ஆபத்தானது. அதைக் கேட்டு நடந்து, இரண்டு நாளுக்குள் வீட்டில் வலிப்பு வந்து விழுந்தவர்களை நான் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: 'நிறுத்தலாம், ஆனா தனியா நிறுத்தாதீங்க. மருந்து தர்றோம், அதோட நிறுத்துங்க.' வார்டில் பத்து நாள் இருந்து உடம்பு தெளிந்து போகிறவருக்கும் அறிவுரை போதாது. அவருக்கு ஆசையைக் குறைக்கும் மருந்து வேண்டும். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், கல்லீரல் சுருங்கியவருக்கு பாக்லோஃபென். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து, ஒபியாய்டு ஏதும் எடுக்கிறாரா என்று கேட்டு, இவற்றை நீங்களே தொடங்கலாம். கல்லீரல் வீக்கத்தோடு மூன்றாவது முறையாகச் சேர்ந்தவரின் பழைய சம்மரிகளைப் புரட்டிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் மூன்றிலும் மாறியிருக்கும். குடிக்கு ஒரு மருந்தாவது எழுதியிருக்கிறதா?

2019-இல் வெளியான எய்ம்ஸின் தேசிய ஆய்வில் ஓர் எண் இருக்கிறது. இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேர் எங்கே இருக்கிறார்கள்? எங்கள் ஓபியில் இல்லை. உங்கள் கட்டில்களில் கணையமும் கல்லீரலும் உடைந்த எலும்புமாகப் படுத்திருக்கிறார்கள். அவர்களுடன் பேச பெரிய படிப்பு வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பில்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீங்கு தரும் அளவில் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வுவரை பேசவைத்தார்கள். 2017-இல் லான்செட்டில் வந்த அந்த ஆய்வில், அந்த அமர்வுகள் கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் ஆபத்தான அளவிலிருந்து இறங்கினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26. பத்தே சதவீத வித்தியாசம்தானே என்று தோன்றலாம். வந்த நூறு பேரில் பத்து வீடு கூடுதலாகப் பிழைத்தது என்று நான் படிக்கிறேன்.

பேசும் முறைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டளை போடாதீர்கள். 'குடியால உங்களுக்கு நல்லதா என்ன தெரியுது, கெட்டதா என்ன தெரியுது?' என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரட்டும். திரும்பவும் குடித்துவிட்டு வந்தால் விரட்டாதீர்கள். சர்க்கரை ஏறி வந்தவரை 'லட்டு தின்னீங்களா, போங்க வெளியே' என்று அனுப்புகிறோமா? சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மீண்டும் போதைக்குத் திரும்புகிறார்கள் என்றும், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் இதே நிலைதான் என்றும் 2000-இல் ஜாமா இதழில் மெக்லெல்லன் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். திரும்ப வந்தவர் தோற்றவர் இல்லை, சிகிச்சையில் இருப்பவர்.

குடும்பத்தார் உங்களிடம் கேட்கப்போகும் ஒன்று: 'சாப்பாட்டுல தெரியாம கலக்கற மருந்து இருக்காமே?' டைசல்பிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளி இறந்தே போகலாம். நிறுத்தியபின்னும் இரண்டு வாரம்வரை விளைவு இருக்கும். நோயாளிக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு, கல்லீரலும் இதயமும் பார்த்த பிறகு கொடுத்தால் நல்ல மருந்து. ரசத்தில் கலந்து கொடுக்கப்படும்போது விஷம். மனைவி அழுதுகொண்டு கேட்டாலும் எழுதிக்கொடுக்காதீர்கள். அதேபோல், பதிவு இல்லாத 'மறுவாழ்வு மையத்துக்கு' ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகச் சொல்பவர்களைத் தடுங்கள். 2017 மனநலச் சட்டம் குடி, போதை நோயாளிகளையும் சேர்த்தே பாதுகாக்கிறது. பதிவு பெறாத இடத்தில் அடைத்துவைக்க யாருக்கும் உரிமையில்லை.

போதை மாத்திரைகளுக்கு வருவோம். முழங்கை மடிப்பில் சீழ்க்கட்டியோடு பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் சர்ஜரி ஓபிக்கு வருகிறார்களே, கட்டியைக் கீறிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். டபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியிருக்கலாம். சட்டைக் கையை முழுதும் மேலே ஏற்றிப் பாருங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுங்கள். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், சிலிர்ப்பு, 'உடம்பெல்லாம் முறிக்குது' என்று அவன் வார்டில் நெளிந்தால் அது நடிப்பு அல்ல, ஒபியாய்டு நின்ற வேதனை. அதற்குச் சிகிச்சை இல்லாவிட்டால் அன்று இரவே சொல்லாமல் ஓடிவிடுவான். நீங்கள் 'ஆப்ஸ்காண்டட்' என்று எழுதுவீர்கள். பியூப்ரநார்ஃபின் அந்த வேதனையை நிறுத்தும். ஆனால் வேதனை தொடங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்தால் கூடும். இதற்கு எங்களை உடனே கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும் சரி. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மெதுவாகிக் கிடந்தால் நலாக்சோன். எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று அனுப்பிவிட வேண்டாம், அந்த மருந்தின் வேலை சீக்கிரம் முடிந்து மூச்சு மறுபடி தாழலாம். போலீஸ் பயத்தில் பேசாதவனுக்கு, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு என்று சொல்லுங்கள்.

பெண்களிடமும் கேளுங்கள். அறுபது வயது அம்மா ஒருவர் கை நடுங்கி, வலிப்பு வந்து சேர்ந்தால், தூக்க மாத்திரையை நிறுத்தினாரா என்று விசாரியுங்கள். எப்போதோ ஒரு துக்கத்தில் நம்மில் ஒருவர் பத்து நாளுக்கு எழுதிய அல்ப்ரசோலாமை, அதே பழைய சீட்டைக் காட்டிப் பத்து வருடமாக வாங்கிப் போட்டிருப்பார். வெறும் வெற்றிலைப் பாக்குப் பழக்கத்தைத் தவிர வேறொன்றும் அறியாத அம்மா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு எங்கள் ஓபிக்கு வெறும் 'ரெஃபர்' எழுதினால் பாதிப் பேர் வருவதில்லை. கட்டிலில் இருக்கும்போதே எங்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். முகம் பார்த்த டாக்டரிடம்தான் மனிதர்கள் திரும்பி வருகிறார்கள். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி மனைவி கையிலும் ஒன்று கொடுங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, போதை மீட்புக்கு 14446. இரண்டும் கட்டணமில்லாத அரசு எண்கள்.

அந்த ஏஏ-வைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அறுவை சிகிச்சை மருத்துவர். அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தைச் சேர்ந்த டாக்டர் பாப். 1935 ஜூன் 10 காலை, ஆபரேஷன் செய்யப் போகுமுன் கை நடுக்கம் நிற்பதற்காக அவருக்கு ஒரு பீர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அதுவே அவர் குடித்த கடைசி மது. உங்கள் விடுதியிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். 36 மணி நேர டியூட்டிக்குப் பிறகு தூங்குவதற்காகத் தொடங்கி, இப்போது டியூட்டிக்கு முன்பும் தேவைப்படுகிறவர். தியேட்டர் அலமாரியிலிருந்து ஆம்பூல் எடுக்கிறவர். அவரைப் பற்றி எல்லோரும் ரகசியமாகப் பேசிக்கொள்கிறீர்கள், யாரும் அவரிடம் பேசுவதில்லை. நீங்கள் பேசுங்கள். என்னிடம் கூட்டி வாருங்கள். நோயாளியின் ரகசியம் காப்பது 2017 சட்டப்படி என் கடமை, அது மருத்துவராக இருக்கும் நோயாளிக்கும் பொருந்தும். ஓபி முடிந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் என் அறையில் தனியாகத்தான் இருப்பேன். ஓபி சீட்டு போட வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா ஒருவர்
மனநல மருத்துவப் பிரிவு